புல்லுண்ணும் ஓர் அந்தின் வரலாறு

மனித வரலாற்றை எழுதியோர் பூச்சியினங்களுக்கு அளித்த இடம் மிகச் சிறியது. வெட்டுக்கிளிக் கூட்டங்களும் கொள்ளைநோயைப் பரப்பிய தெள்ளுகளும் ஆங்காங்கே குறிப்பிடப்படுகின்றனவேயன்றி, பயிரோடு பயிராக வாழ்ந்து விளைவைக் குறைத்து வந்த எண்ணற்ற சிற்றுயிர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும், பயிர்ச்செய்கையை அடிப்படையாகக் கொண்ட சமுதாயம் ஒன்றின் வரலாறு, அப்பயிரை அதனோடு பங்கிட்டுக்கொண்ட உயிர்களின் வரலாற்றையும் உள்ளடக்கியதாகும்.

2018/19 பெரும்போகத்தில் இலங்கையின் உலர் வலயக் கமக்காரர் இவ்வுண்மையை எதிர்பாராத வகையில் உணர நேர்ந்தது. அநுராதபுரம், அம்பாறை, மொனராகலை முதலிய மாவட்டங்களில் இளஞ்சோளத்தின் குருத்தினுள் புகுந்து உண்ட ஒரு புழு, அதுவரை இந்நாட்டில் கண்டறியப்படாத இனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சிங்களத்தில் ‘சேனா’ எனவும் தமிழில் ‘படைப்புழு’ எனவும் அது பெயர் பெற்றது. சேனை என்னும் சொல் தமிழில் படையையும் குறிக்கும். இலங்கை வழக்கில் காடு வெட்டிச் செய்யும் பயிர்ச்செய்கையையும் குறிக்கும். சோளம் பெரும்பாலும் சேனை நிலங்களிலேயே மழையை நம்பிச் செய்கை பண்ணப்படுவதால் இவ்விரு பொருளும் அப்போகத்தில் ஒரே நிலத்திற் பொருந்தின.

இலங்கைக்குப் புதிதாயினும் அறிவியலுக்கு இப்பூச்சி புதிதன்று. அது நூலொன்றில் விவரிக்கப்பட்டுப் பெயரிடப்பட்டு அப்போதே 221 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன் வாழ்க்கை வட்டத்தின் ஒவ்வொரு படியும் அளந்து எழுதப்பட்டுத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு நன்கு அறியப்பட்ட ஓர் உயிர், புகுந்த நாடுதோறும் அறியப்படாத பகைபோலக் கேடு விளைவிக்க முடிந்தமைக்குக் காரணம் யாது? அவ்வந்தின் தோற்றத்தையும் வாழ்க்கை வட்டத்தையும், அவற்றை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றையும் ஒருங்கே நோக்கும்போதே இவ்வினாவுக்கு விடை கிடைக்கிறது.

புல்லும் புல்லுண்ணியும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வன்மையுடையவற்றைப் புல் எனவும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் எனவும் வகுத்தது. அவ்வகுப்பின்படி தென்னையும் பனையும் புல்லினத்தையே சாரும். இக்காலத் தாவரவியல் கூறும் புற்குடும்பம் அதனினும் ஒடுங்கியது. எனினும் நெல், சோளம், இறுங்கு, குரக்கன், கரும்பு, மூங்கில், அறுகு ஆகியன யாவும் அக்குடும்பத்துள் அடங்குவனவே. மனிதரின் உணவிற் பெரும்பகுதி புல்லின் விதையிலிருந்து பெறப்படுகிறது. ஆகவே புல்லை உண்ணும் பூச்சி ஒன்று, காட்டுப் புல்லை உண்ணும்வரை எவராலும் கவனிக்கப்படாது. மனிதர் விதைத்த புல்லை உண்ணத் தொடங்கியதும் பீடை எனப்படும்.

ஸ்பொடொப்டெரா புருஜிபெர்டா என்னும் அறிவியற் பெயரைக் கொண்ட இவ்வந்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப வலயமும் அதனை அடுத்த பகுதிகளுமாகும். 2018 இல் வெளியிடப்பட்ட ஒரு தொகுப்பாய்வு, இதன் புழு உண்பனவாக 76 குடும்பங்களைச் சேர்ந்த 353 தாவரங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 106 தாவரங்கள் புற்குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறெந்தக் குடும்பமும் இத்தொகைக்கு அருகில் வரவில்லை. பலவற்றை உண்ணக்கூடியதாயினும் இவ்வுயிர் அடிப்படையிற் புல்லுண்ணியே என்பது இதனாற் பெறப்படும்.

தோற்றம்

நிறையுடலியாகிய அந்து, இறகுகளை விரித்த நிலையில் 32 முதல் 40 மி.மீ. வரை அகலமுடையது. ஆணின் முன்னிறகு சாம்பலும் கபிலமும் கலந்த நிறத்தது. அதன் நுனியிலும் நடுப்பகுதிக்கு அண்மையிலும் முக்கோண வடிவான வெண்பொட்டுகள் காணப்படும். பெண்ணின் முன்னிறகில் இத்தகைய தெளிவான குறிகள் இல்லை. அது ஏறத்தாழ ஒரே சீரான சாம்பற் கபில நிறத்தினது. இருபாலினதும் பின்னிறகு வெள்ளிபோன்ற வெண்மையும் ஓரத்தில் ஒடுங்கிய கருநிறமும் உடையது. பகலில் அந்து மறைந்திருக்கும். வெப்பமும் ஈரமும் மிக்க இரவுகளிலேயே பறக்கும். ஆகவே பயிரைச் செய்பவர் அந்தைக் காண்பது அரிது. கண்டாலும், இலங்கையில் நீண்டகாலமாக வாழ்ந்துவரும் அதன் உறவினங்களிலிருந்து அதனை வேறுபடுத்தி அறிவது பயிற்சி பெற்றோர்க்கும் எளிதன்று.

புழு நிலையிலேயே இவ்வினம் தெளிவாக இனங்காணப்படுகிறது. வளர்ந்த குடம்பியின் தலையின் முன்புறத்தில், ஆங்கில எழுத்தாகிய ‘வை’ தலைகீழாக எழுதப்பட்டாற் போன்ற ஒரு வெண்குறி உண்டு. வயிற்றுப் பகுதியின் எட்டாவது துண்டத்தின் மேற்புறத்தில் நான்கு கரும்புள்ளிகள் ஒரு சதுரத்தின் மூலைகள்போல அமைந்திருக்கும். இவ்விரு குறிகளையும் ஒருங்கே கொண்ட புழு இதுவெனத் துணியலாம். ஆனால் இக்குறிகள் புழு வளர்ந்த பின்னரே வெறுங்கண்ணுக்குப் புலனாகும். முட்டையினின்றும் வெளிவந்த புழு பச்சை நிற உடலும் கருநிறத் தலையும் கொண்டது, இரண்டு மி.மீ. நீளமும் இல்லாதது. அதனைக் கண்டு இன்னதென்று கூறுவது கடினம். கேட்டைத் தடுக்கக்கூடிய காலத்தில் இனங்காண்பதும் அரிதாகவே இருக்கிறது.

வாழ்க்கை வட்டம்

பெண் அந்து இரவில் இலையின்மீது முட்டைகளைத் தொகுதியாக இடுகிறது. ஒரு தொகுதியில் 100 முதல் 200 வரையான முட்டைகள் இருக்கும். தன் வயிற்றிலுள்ள சாம்பல் நிறச் செதில்களை உதிர்த்து அவற்றை மூடிவிடுவதால் அத்தொகுதி பூஞ்சணம் பிடித்த ஒரு பொட்டுப் போலத் தோன்றும். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக 1500 முட்டைகளை இடும்; 2000 வரை இடுவதும் உண்டு. அந்தின் சராசரி ஆயுள் 10 நாட்களேயாயினும் முட்டைகளிற் பெரும்பாலானவை முதல் நான்கைந்து நாட்களிலேயே இடப்பட்டுவிடும்.

வெப்பமான காலத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்களில் முட்டை பொரிக்கிறது. குடம்பி ஆறு பருவங்களைக் கடந்து வளரும். முதற் பருவப் புழுக்கள் ஒருங்கிருந்து இலையின் ஒரு பக்கத்தைச் சுரண்டி உண்ணும். மறுபக்கத் தோல் சிதையாது எஞ்சுவதால் இலையிற் கண்ணாடிபோன்ற வெண்பொட்டுகள் தோன்றும். சில புழுக்கள் பட்டுநூலில் தொங்கிக் காற்றில் அசைந்து அடுத்த செடிகளைச் சென்றடையும். இரண்டாம், மூன்றாம் பருவங்களில் அவை குருத்தினுள் இறங்கி, சுருண்டிருக்கும் இலையைத் துளைத்து உண்ணும். அவ்விலை பின்னர் விரியும்போது துளைகள் வரிசையாகத் தோன்றும். குருத்தினுள் இடம் ஒடுங்கியதால் பெரிய புழு சிறியதை உண்டுவிடும். எனவே நூற்றுக்கணக்கான முட்டைகள் பொரித்த இடத்திலும் ஈற்றில் ஒரு செடியில் ஒன்றோ இரண்டோ புழுக்களே எஞ்சும்.

இவ்வினத்தின் வாழ்க்கையில் மிகுந்த முக்கியத்துவம் வாய்ந்த செய்தி, அது உண்ணும் அளவு பருவந்தோறும் மாறுபடும் முறையாகும். குடம்பி தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் முதல் மூன்று பருவங்களும் சேர்ந்து உண்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. நான்காம் பருவத்தில் 5 சதவீதமளவும், ஐந்தாம் பருவத்தில் 16 சதவீதமளவும், ஆறாம் பருவத்தில் மட்டும் 77 சதவீதமளவும் உண்கிறது. அதாவது, கேட்டில் முக்காற்பங்குக்கு மேற்பட்டது இறுதிச் சில நாட்களிலேயே நிகழ்கிறது. முந்தைய நாள் நலமாகத் தோன்றிய வயல் ஓரிரு நாளில் அழிந்ததாகக் கமக்காரர் கூறுவது மிகைக்கூற்றன்று. புழு வந்து பத்து நாட்களுக்கு மேலாகியிருக்கும்; வயல் தன் அழிவைக் காட்டியது அன்றுதான்.

வெப்பக் காலத்தில் ஏறத்தாழ 14 நாட்களில் முழுவளர்ச்சி பெறும் புழு, நிலத்தில் விழுந்து 2 முதல் 8 செ.மீ. ஆழத்தில் மண்ணைப் பிணைத்துக் கூடமைத்துச் செங்கபில நிறமான கூட்டுப்புழுவாகிறது. எட்டு அல்லது ஒன்பது நாட்களின்பின் அந்து வெளிவரும். முட்டை முதல் அந்து வரை வெப்பமான காலத்தில் ஒரு மாதமே போதுமானது. குளிர்காலத்தில் மூன்று மாதம் வரை செல்லும்.

இன்னொரு பண்பும் குறிப்பிடத்தக்கது. குளிர்நாட்டுப் பூச்சிகள் பல, குளிர்காலத்தை உறங்குநிலையிற் கழிக்கும் ஆற்றல் உடையன. இவ்வந்துக்கு அவ்வாற்றல் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் புளோரிடாவினதும் டெக்சாசினதும் தென்கோடிகளிலேயே அது குளிர்காலத்தைத் தாண்டி உயிர்வாழ்கிறது. மற்றப் பகுதிகளில் ஆண்டுதோறும் மடிந்து, ஆண்டுதோறும் தெற்கிலிருந்து மீண்டும் வருகிறது. இப்பயணத்துக்குத் தாழ்வான உயரத்தில் விரைந்து வீசும் இரவுக் காற்றுகள் துணைபுரிகின்றன. மிசிசிப்பியிலிருந்து தென் கனடா வரையான 1600 கிலோமீற்றர் தூரத்தை அந்துகள் 30 மணித்தியாலங்களிற் கடந்திருக்கக்கூடும் என 1975 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

முதற் பதிவு

இவ்வினத்தை முதலில் ஆராய்ந்து பதிவுசெய்தவர் ஓர் ஓவியர். இலண்டனில் 1751 இற் பிறந்த ஜோன் அபொட், 1773 இல் வர்ஜீனியாவுக்குச் சென்று, பின்னர் ஜோர்ஜியாவிற் குடியேறினார். அங்கு பூச்சிகளைப் பிடித்து வளர்த்து, புழு, கூட்டுப்புழு, அந்து ஆகிய நிலைகளை அவை உண்ணும் செடியுடன் சேர்த்து வரைந்து ஐரோப்பாவிலிருந்த ஆர்வலர்க்கு அனுப்பிவந்தார். லினேயசின் சேகரிப்புகளை 1784 இல் விலைக்கு வாங்கி, 1788 இல் இலண்டன் லினேயன் சங்கத்தை நிறுவிய ஜேம்ஸ் எட்வேர்ட் சிமித், அபொட்டின் ஓவியங்களுள் 104 ஐத் தெரிந்து, ஜோர்ஜியாவின் அரிய அந்துகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பற்றிய இரு தொகுதி நூலாக 1797 இல் வெளியிட்டார். அந்நூலில் இவ்வந்து சோளக் குருத்துப்புழு என்னும் பொருளுடைய பொதுப்பெயரோடும், புருஜிபெர்டா என்னும் அறிவியற் பெயரோடும் இடம்பெற்றது. விளைவை அழிப்பது என்பது அவ்விலத்தீன் சொல்லின் கருத்தாகும். ஸ்பொடொப்டெரா என்னும் சாதிப்பெயரைப் பிரெஞ்சு அறிஞர் கெனே 1852 இல் அமைத்தார். சாம்பல், இறகு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது.

இப்பதிவின் தன்மை கவனிக்கத்தக்கது. அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் ஊசி குத்திய உலர்ந்த அந்துகளை மட்டும் கண்டு பெயரிட்டனர். அபொட்டோ உயிருள்ள பூச்சியை அதன் செடியின்மீது வைத்து, எல்லா நிலைகளிலும் கண்டார். ஆகவே இவ்வினத்தின் வரலாறு பொதுப்பெயரிலேயே ‘குருத்து’ என்னும் சொல்லோடு தொடங்குகிறது. புழு குருத்தினுள் வாழ்வது என்னும் செய்தி, பிற்காலத்தில் அதனை எதிர்க்க முனைந்தோர் அனைவருக்கும் தேவைப்பட்ட முதற் செய்தியாகும்.

படைப்புழு என்னும் பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் புல்வெளிகள் உழப்பட்டுத் தானிய வயல்களாக மாறின. 1868 இல் மிசூரி மாநிலப் பூச்சியியலாளராக நியமிக்கப்பட்ட சாள்ஸ் றைலி, 1870 இல் இப்புழுவைப் புதிய இனமெனக் கருதி வேறொரு பெயரால் விவரித்தார். இளவேனிலில் தோன்றிக் கூட்டமாக நகரும் வேறொரு படைப்புழு அந்நாட்டில் முன்னரே அறியப்பட்டிருந்தது. கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் பெருகும் இதனை அதனின்றும் வேறுபடுத்த ‘இலையுதிர்காலப் படைப்புழு’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இவ்வாறு, ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வந்துசேர அதற்கு எடுக்கும் காலமே அதன் பெயராயிற்று. இலையுதிர்காலம் என ஒன்றில்லாத ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அது பிற்காலத்தில் அப்பெயருடனேயே வந்தது.

அந்நாட்டுக் கமக்காரரிடையே அதற்குப் ‘புற்புழு’ என்ற பெயரும் வழங்கியது. வயலிலும் வேலியோரத்திலும் வளரும் புல்லில் முதலில் பெருகி, அப்புல் தீர்ந்ததும் பயிருக்கு நகர்வதை அவர்கள் கண்டிருந்தனர். பெருந்தொகையாகப் பெருகும்போது உணவு தீர்ந்த புழுக்கள் கூட்டமாக ஊர்ந்து அடுத்த வயலை அடையும். 1899 இலும் 1912 இலும் இத்தகைய பெரும் பெருக்கங்கள் ஏற்பட்டன. 1912 இன் அழிவுக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பிலிப் லுகின்பில் இவ்வினத்தை விரிவாக ஆராய்ந்து 1928 இல் ஒரு நூலை வெளியிட்டார். முட்டையின் தொகை, குடம்பிப் பருவங்களின் நீளம், வெப்பத்துக்கேற்ப வளர்ச்சிக்காலம் மாறும் முறை முதலியன அதில் அளவைகளுடன் எழுதப்பட்டன. பின்வந்த ஆய்வுகளுக்கு அதுவே அடித்தளமாயிற்று.

1980களில் டொரத்தி பாஷ்லி என்னும் ஆய்வாளர், வெளித்தோற்றத்தில் வேறுபாடற்ற இவ்வந்துகளுள் இரு குலங்கள் இருப்பதைப் பரம்பரையியல் முறைகளால் நிறுவினார். ஒன்று சோளத்தையும் இறுங்கையும் பெரிதும் நாடுவது. மற்றையது நெல்லையும் அறுகு போன்ற சிறு புற்களையும் நாடுவது. ஒன்றெனக் கருதப்பட்டதன் உள்ளேயே இருவேறு வாழ்க்கை முறைகள் இருந்தமை, ஒரு வயலிற் பெற்ற அனுபவத்தை மற்றொரு வயலுக்கு ஆராயாது பொருத்துவதன் இடரை உணர்த்தியது.

சோளத்தைத் தொடர்ந்த பயணம்

சோளம் தென் மெக்சிக்கோவில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்னர் காட்டுப் புல்லொன்றிலிருந்து மனிதராற் பண்படுத்தப்பட்டது. கொலம்பசின் பயணங்களுக்குப் பின்னர் அது அத்திலாந்திக்கைக் கடந்தது. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அதனை ஆபிரிக்காவிற் பரப்பினர். விதை கடல் கடந்தது. அதன் பூச்சி கடக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் ஆபிரிக்கச் சோளம் இப்புழுவை அறியாது வளர்ந்தது. அக்காலத்துள் சோளம் அக்கண்டத்தின் பல நாடுகளில் முதன்மை உணவாகவும் ஆயிற்று.

2016 இன் தொடக்கத்தில் நைஜீரியா, பெனின், டோகோ, சாவோ தோமே ஆகிய மேற்காபிரிக்க நாடுகளில் இப்புழு முதலிற் பதிவுசெய்யப்பட்டது. அது எவ்வழியாகக் கடலைக் கடந்தது என்பது உறுதியாக நிறுவப்படவில்லையாயினும், வணிகப் போக்குவரத்துடன் வந்திருக்கலாம் என்பதே பொதுக்கருத்து. ஈராண்டுகளுக்குள் சகாராவுக்குத் தெற்கேயுள்ள பெரும்பாலான நாடுகளை அது அடைந்தது. 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடக மாநிலத்துச் சிவமொகாவிற் காணப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டையும் இலங்கையையும் அடைந்தது. 2019 இன் தொடக்கத்தில் சீனாவிலும், 2020 இன் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவிலும் பதிவாயிற்று. ஐந்து நூற்றாண்டுகள் பின்தங்கிய பூச்சி, நான்கே ஆண்டுகளிற் சோளம் சென்ற வழியெல்லாம் சென்று சேர்ந்தது.

இவ்விரைவுக்கு வாழ்க்கை வட்டத்திலேயே விளக்கமுண்டு. வட அமெரிக்காவில் குளிர்காலம் ஆண்டுதோறும் இதன் பெருக்கத்தைத் துடைத்தழித்தது. ஆபிரிக்க, ஆசிய வெப்ப நாடுகளில் அத்தகைய தடை எதுவுமில்லை. மாதத்துக்கொரு தலைமுறை ஆண்டு முழுவதும் தொடரலாம். பெருந்தொலைவு பறக்கும் பழக்கம், குளிரிலிருந்து மீண்டும் மீண்டும் வடக்கே செல்ல உதவிய பழக்கம், புதிய கண்டத்தில் நிரந்தரமாகப் பரவுவதற்கான வழியாயிற்று.

இழப்பை அளத்தல்

2017 இல் வெளியிடப்பட்ட ஒரு மதிப்பீடு, தகுந்த கட்டுப்பாடு இல்லாவிடின் ஆபிரிக்காவின் 12 சோள நாடுகளில் ஆண்டொன்றுக்கு 83 இலட்சம் முதல் 206 இலட்சம் தொன் வரையான சோளம் இழக்கப்படலாம் எனக் கூறியது. இவ்வெண்கள் உலகின் கவனத்தை ஈர்த்தன. ஆனால் அவை பெரும்பாலும் கமக்காரர் கண்ணாற் கண்டு கூறிய மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டவை. சிம்பாப்வேயில் வயல்களில் நேரே அளந்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், விளைவிழப்பு ஏறத்தாழ 12 சதவீதமாகவே காணப்பட்டது.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் சோளச் செடியின் இயல்பிலேயே உள்ளது. துளைபட்டுக் கிழிந்த இலைகள் பேரழிவின் தோற்றத்தைத் தரும். ஆயினும் வளர்முனை சிதையாதிருந்தால் இளஞ்செடி புதிய இலைகளை விரித்துப் பெருமளவு தேறிவிடும். புழு வளர்முனையை அழிக்கும்போதும் பொத்தியினுள் புகும்போதுமே இழப்பு முழுமை பெறுகிறது. 12 சதவீதம் என்பதும் சிறு கமக்காரனுக்குச் சிறிய இழப்பன்று. எனினும், எந்தச் சேதம் ஆறும், எது ஆறாது என்பதை அறியாதவர் அச்சத்தால் நஞ்சு தெளிப்பர். அல்லது நம்பிக்கையிழந்து செய்கையைக் கைவிடுவர்.

கட்டுப்பாட்டு முயற்சிகள்

பல நாடுகளில் முதலிற் கையாளப்பட்ட வழி பீடைநாசினியே. தெளிப்பு பயனளிக்கும் காலம் மிகக் குறுகியது. முட்டை பொரித்த நாள் முதல் புழு குருத்தின் ஆழத்தில் இறங்கும் வரையான சில நாட்களே அக்காலமாகும். அதன்பின் புழுவின் கழிவு குருத்தை அடைத்து, மேலிருந்து வரும் நஞ்சைத் தடுத்துவிடும். சேதம் வெளிப்படையாகத் தெரிவது ஐந்தாம், ஆறாம் பருவங்களிலாதலால், கண்டபின் தெளிப்போர் பெரும்பாலும் காலங்கடந்தே தெளிக்கின்றனர். அந்நஞ்சு புழுவைச் சேராது. ஆயினும் தெளிப்பவரின் உடலையும், முட்டைகளை அழிக்கும் நற்பூச்சிகளையும் சென்று சேரும்.

இரண்டாவது வழி, பற்றீரியா ஒன்றின் நச்சுப் புரதத்தைத் தானே உண்டாக்குமாறு மாற்றப்பட்ட சோளம். அது தொடக்கத்திற் சிறந்த பயனளித்தது. ஆனால் புவேட்டோ றிக்கோத் தீவில், அத்தகைய சோளத்தையும் உண்டு வாழும் புழுக்கள் 2006 இலேயே தோன்றின. சிறிய தீவு, ஆண்டு முழுவதும் சோளம், மாதத்துக்கொரு தலைமுறை ஆகிய மூன்றும் ஒருங்குசேர்ந்தமையால் எதிர்ப்பாற்றல் விரைவிற் பரவியது. பிரேசிலிலும் பின்னர் இதுவே நிகழ்ந்தது. ஒரே ஆயுதத்தை ஓயாது பயன்படுத்துவது, அதற்குத் தப்பும் சந்ததியைத் தெரிந்து வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது வழி, பூச்சியின் பழக்கங்களையும் பகைகளையும் அறிந்து செயற்படுவது. நைரோபியிலுள்ள சர்வதேசப் பூச்சியியல் ஆய்வு நிலையமும் அதனோடு இணைந்தோரும் தண்டுதுளைப்பான்களுக்காக உருவாக்கியிருந்த ஒரு முறை இதற்கு எடுத்துக்காட்டு. சோள வரிசைகளுக்கிடையே அந்தை விலக்கும் மணமுடைய அவரையினச் செடி ஒன்றும், வயலின் ஓரத்தில் அந்தைக் கவரும் புல்லொன்றும் நடப்படும். கிழக்காபிரிக்காவில் இவ்வாறு நடப்பட்ட வயல்களில் படைப்புழுவின் தொகை தனிச்சோள வயல்களைவிட 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தமை 2018 இல் அறிவிக்கப்பட்டது. புல்லை நாடும் இயல்பே இங்கு அதனைத் தடுக்கும் கருவியாயிற்று. தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட ரெலினோமசு என்னும் நுண்குளவி, இவ்வந்தின் முட்டைகளினுள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கவல்லது. எவரும் கொண்டுசென்று விடாமலே அக்குளவி ஆபிரிக்காவின் பல பகுதிகளில் வாழ்ந்துவருவது 2019 இல் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று. கண்மூடித் தெளிக்கும் நஞ்சு, இத்தகைய துணைகளைக் காணுமுன்னரே கொன்றுவிடக்கூடும்.

இவ்வந்தின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. 1977 இல் இதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்பட்டன. டெக்சாசில் மக்ஸ் சமர்சும் கேல் சிமித்தும் 1983 இல் இக்கலங்களில் பூச்சி வைரசு ஒன்றைப் புகுத்தி, மனிதப் புரதமொன்றை உண்டாக்கிக் காட்டினர். இவ்வழியில் உருவாக்கப்பட்ட சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஒன்று 2013 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. பின்னர் கொரோனாத் தடுப்பூசிகளுள் ஒன்றும் இவ்வினத்தின் கலங்களிலேயே ஆக்கப்பட்டது. விளைவை அழிப்பது எனப் பெயரிடப்பட்ட உயிர், நுணுகி ஆராயப்பட்டபோது மருத்துவத்துக்குப் பயன்பட்டது.

இலங்கைக்கு உணர்த்துவது

இலங்கைச் சோளத்திற் பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குச் செல்கிறது. அதனை விளைவிப்போரிற் பெரும்பாலோர் விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, ஒரு போகத்து மழையை நம்பிச் செய்கை பண்ணும் சிறு கமக்காரர். அவர்களது நிலத்திற் படைப்புழு இனி நிரந்தரமாக வாழும் உயிர்களுள் ஒன்று. அதனை முற்றாக ஒழித்தல் எந்நாட்டிலும் இயலவில்லை, இங்கும் இயலாது. அதனோடு வாழ்ந்து விளைவைக் காப்பதே இயலக்கூடியது.

அதற்கு வேண்டிய அறிவு சிக்கலானதன்று. முளைத்த முதல் வாரத்திலிருந்தே வாரம் இருமுறை வயலினுள் நடந்து இலையின் இருபுறத்தையும் பார்த்தல். சாம்பல் நிற முட்டைப் பொட்டுகளைக் கையால் நசுக்குதல். வெண்பொட்டுகள் தோன்றிய செடியின் குருத்தை உடனே சோதித்தல். அயலவரோடு ஒரே காலத்தில் விதைத்து, புழுவுக்குத் தொடர்ந்து இளஞ்சோளம் கிடைக்காது செய்தல். நஞ்சு தேவையாயின் இளம்புழு நிலையில் மட்டும் பயன்படுத்துதல். பெருமழையும் இதற்குத் துணை; அது குருத்தினுள் நீரை நிரப்பிச் சிறு புழுக்களை அழிக்கும். இவையனைத்தும் முன்னர் கூறிய வாழ்க்கை வட்டத்திலிருந்தே பெறப்படுவன.

அறிவு இல்லாமையால் இக்கேடு நேர்ந்ததெனக் கூறுவதற்கில்லை. 1797 இன் ஓவியமும் 1928 இன் அளவைகளும் நூலகங்களில் இருந்தன. ஆபிரிக்காவின் அனுபவம் ஈராண்டுகள் முன்னதாகவே எச்சரித்தது. ஆனால் ஒரு மொழியில் எழுதப்பட்ட நூல் இன்னொரு மொழியில் வாழும் கமக்காரனைத் தானாகச் சென்றடைவதில்லை. அந்து ஓரிரவிற் பல காதம் கடக்கும். அதனைப் பற்றிய அறிவை யாராவது சுமந்து சென்றால்தான் வயல் வரை செல்லும். அச்சுமையை ஏற்பதற்கெனச் சமுதாயம் அமைத்துள்ள நிறுவனங்களுள் பல்கலைக்கழகம் முதன்மையானது. விலங்கியல் கற்போரும் விவசாயம் கற்போரும், அவர் கற்றதைத் தெளிந்த தமிழிலும் சிங்களத்திலும் எழுதவல்லோரும் ஒருங்குசேர்ந்து செய்யவேண்டிய பணி இது. அடுத்த பூச்சி எந்நாட்டிலிருந்து வருமெனக் கூறவியலாது. அது வந்த முதற் போகத்திலேயே, முட்டை நிலையில் அதனை இனங்காணக்கூடிய கண்கள் வயலில் இருக்குமா என்பது இப்பணியிலேயே தங்கியுள்ளது.